சதுரத் துணியின் கனம்



தலையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளும் சதுரத் துணியொன்றைப் பற்றி இன்று சில நிமிடங்கள் பேச எண்ணுகின்றேன். கடைகளில் அதனைப் 'பண்டானா' என்கிறார்கள். மேனாட்டுப் பெயர்போல ஒலித்தாலும், கட்டுதல் எனப் பொருள்படும் 'பந்தனம்' என்ற வடசொல்லின் வழிவந்த இந்திச் சொல்லே அதற்கு மூலம். துணியை அங்கங்கே முடிந்து, நூலாற் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், கட்டுண்ட இடங்களிற் சாயம் ஏறாது. அவிழ்த்தபின் அவை புள்ளிகளாகத் தோன்றும். இவ்வாறு புள்ளியிட்ட வங்காளப் பட்டுக் கைக்குட்டைகளைக் கிழக்கிந்தியக் கம்பனியார் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றனர். மூக்குப்பொடி போடும் கனவான்கள் அவற்றைப் பெரிதும் விரும்பினர். வெள்ளைத் துணி காட்டிக்கொடுக்கும் கறையைப் புள்ளித் துணி மறைத்துவிடும் அல்லவா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகரத்துச் சாயச்சாலைகள், சிவப்புப் பருத்தித் துணியில் அதே புள்ளிகளை வெளுப்புநீர் கொண்டு உண்டாக்கின. பட்டாயிருந்தது பருத்தியாயிற்று, கையில் எடுத்தால் கனமும் கூடிற்று.

அந்தக் கனத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். கடையில் ஒரு துணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, 'நல்ல பாரமாயிருக்கிறது, நெடுநாள் உழைக்கும்' என்று கூறி வாங்குவோர் நம்மிடையே பலர். பாடசாலை தொடங்கும் காலத்திற் சாரணப் பிள்ளைகளுக்குக் கழுத்துத் துணி வாங்கும் பெற்றோரும் இவ்வாறே கனம் பார்க்கின்றனர். வெயிலில் அதனைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறவன் பிள்ளை. ஆகவே அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது வீண்வேலையன்று.

முதலில் அளவு. சதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் துணியின் எடை எத்தனை மடங்காகும் என்று எட்டாம் வகுப்பிற் கேட்டால், பாதிப் பிள்ளைகள் தயங்காமல் 'இரண்டு' என்பார்கள். நான்கு என்பதே சரி. 55 சென்ரிமீற்றர்ச் சதுரத்தை 70 சென்ரிமீற்றர் ஆக்குவது கண்ணுக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றாது. நீளம் கால்பங்கு அளவிற்றான் கூடுகிறது. ஆனால் எடையோ நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இனித் துணியின் இனம். நெசவுத் தொழிலில் ஒரு சதுர மீற்றர்த் துணி எத்தனை கிராம் நிறுக்கும் என்றே கணக்கிடுவர். மெல்லிய வொயில் துணி 70 கிராம் அளவில் இருக்கும். சட்டை தைக்கும் பொப்பிளின் 120 கிராம் அளவில் இருக்கும். 55 சென்ரிமீற்றர்ச் சதுரம் வொயிலாயின் 21 கிராம், பொப்பிளினாயின் 36 கிராம். அதே வொயிலில் 70 சென்ரிமீற்றர்ச் சதுரம் வெட்டினால் 34 கிராம். இதனைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பெரிய வொயிலும் சிறிய பொப்பிளினும் தராசில் ஏறத்தாழ ஒன்றே! கையிற் கனம் பார்த்து வாங்கியவர், அதே கனத்திற் கிடைக்கக்கூடிய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

பட்டு இன்னும் இலேசானது. பட்டின் எடைக்கு 'மொம்மே' என்னும் யப்பானிய அளவு வழங்குகிறது. ஒரு மொம்மே என்பது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 4.3 கிராம். 8 மொம்மேப் பட்டில் 55 சென்ரிமீற்றர்க் கைக்குட்டை 11 கிராமுக்குமேல் நிறுக்காது. இங்கே வியாபாரத் தந்திரம் ஒன்றையும் சொல்லவேண்டும். பச்சைப் பட்டிலுள்ள பசையை நீக்கும்போது அதன் எடையில் நாலிலொரு பங்குவரை குறைந்துவிடும். அந்த இழப்பை ஈடுசெய்ய 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகள் வெள்ளீய உப்புகளைப் பட்டில் ஏற்றின. வாங்கியவர் கைக்குக் கனமாயிருந்தது. ஆனால் அக்காலத்துப் பட்டாடைகள் பல, அருங்காட்சியகப் பேழைகளிற் கிடந்தபடியே மடிப்புத்தோறும் வெடித்து உதிர்கின்றன. நமது கடைகளில் வெள்ளீயம் வேண்டியதில்லை, கஞ்சியே போதும். மலிவான பருத்தித் துணியை இரு கையாலும் கசக்கிப் பாருங்கள். வெண்பொடி உதிருமாயின், நீங்கள் கண்ட கனத்தில் ஒரு பங்கு முதற் சலவையோடு வாய்க்காலிற் போய்விடும்.

சரி, கனமே வேண்டாமென்று பொலியெஸ்தர்த் துணிக்குப் போகலாமா? அதன் இழை தன்னுள் நீரை ஏற்பதில்லை. ஈரப்பதம் நூற்றுக்கு 65 ஆக உள்ள காற்றிற் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு ஈரத்தைத் தானாகவே வாங்கி வைத்திருக்கும். பொலியெஸ்தர் அரைப் பங்குகூட வாங்காது. பருத்தித் துணியை நீரில் தோய்த்தெடுத்தாலோ அது தன் எடையைப்போல் இருமடங்குக்கும் மேலான நீரைச் சுமக்கும். 36 கிராம் துணி 100 கிராமைத் தாண்டிவிடும். இது குறையா? வயலில் நிற்பவரைக் கேளுங்கள். அந்த நீரில் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கடையில் நிறுத்த கனம் வேறு. தலையிற் பயன்தரும் கனம் வேறு. யாழ்ப்பாணத்து வறண்ட சோளகக் காற்றில் ஈரத் தலைத்துண்டு விரைவில் உலர்ந்து குளிர்ச்சி தரும். கொழும்பின் புழுக்கத்தில் அது நெடுநேரம் பாரமாகவே கிடக்கும். ஆகையால் ஊருக்கும் ஒரு கணக்குண்டு.

இலேசாக இருக்கட்டுமென்று அளவைக் குறைப்பதற்கும் எல்லையுண்டு. தலையிற் கட்டுவது மூலைவிட்டத்தால். 45 சென்ரிமீற்றர்ச் சதுரத்தின் மூலைவிட்டம் 64 சென்ரிமீற்றர். வளர்ந்தவரின் தலைச் சுற்றளவு 55 முதல் 58 வரை. எஞ்சிய ஏழெட்டுச் சென்ரிமீற்றரில் முடிச்சுப் போடுவது எங்ஙனம்? 55 சென்ரிமீற்றர்த் துணியின் மூலைவிட்டம் 78. அது முடிச்சுக்குப் போதும்.

சாரணர் துணிக்குத் திரும்புவோம். இலங்கையில் 1912இல் மாத்தளையிற் சாரணியம் தொடங்கிய நாளிலிருந்து, கழுத்துத் துணி அவசரத்துக்கு முதலுதவிக் கட்டாகவும் உதவும் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். முறிந்த கையைத் தாங்கும் முக்கோணக் கட்டுத்துணி, ஒரு மீற்றர்ச் சதுரத்தைக் குறுக்காக வெட்டிய பாதி. 19ஆம் நூற்றாண்டில் யேர்மனியச் சத்திரவைத்தியர் எஸ்மார்க் அதனைப் பரவச் செய்தார். அதன் பரப்பு அரைச் சதுர மீற்றர். பிள்ளை கட்டும் 70 சென்ரிமீற்றர்ச் சதுரத்தின் பரப்பும் அதுவே. ஒரே துணியிற் செய்தால் எடையும் ஒன்றே. ஆயினும் சதுரத்தை மடித்தால் இரட்டைத் துணியாகி, நீண்ட பக்கம் 99 சென்ரிமீற்றரோடு நின்றுவிடுகிறது; வெட்டிய முக்கோணமோ ஒற்றைத் துணியாக 141 சென்ரிமீற்றர்வரை நீள்கிறது. சிறு பிள்ளையின் கைக்கு முன்னது ஒருவாறு போதும். அவனைத் தூக்கிவரும் ஆசிரியரின் கைக்குப் போதாது. ஆகவே பாசறைக்குச் செல்லும் பிள்ளைகள் கழுத்தில் வொயில் துணியையே கட்டட்டும். ஒரு மீற்றர்ப் பருத்தித் துணியைக் குறுக்காக வெட்டி, அவ்விரு முக்கோணங்களையும் முதலுதவிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.