சுற்றுலாப் பையில் ஓர் உப்புச் சர்க்கரைப் பொட்டலம்



கல்விச் சுற்றுலா புறப்படும் முன் பேருந்து, உணவு, பெற்றோர் ஒப்புதல் எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். வழியில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே நான் வந்திருக்கிறேன்.

ஒரு நாளில் 3 முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான் பெரும் ஆபத்து. ஆனால் வீடுகளில், "தண்ணி குடிச்சா இன்னும் போகும்" என்று குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

பேதியின்போதும் குடல் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும். உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகும். 1971-இல் மேற்கு வங்கத்தின் போங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 1 லிட்டர் என்றோ 200 மில்லி என்றோ அச்சிட்டிருக்கும். முழுப் பொட்டலத்தையும் அதே அளவு சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். அதனால் குளிர்பானமும் இனிப்புச் சாறும் இதற்கு மாற்று ஆகா.

ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. 10 வயதுக்கு மேல் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். இட்லி, கஞ்சி, மோர்சாதம் தொடரட்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது.

கண் குழிவிழுதல், நாக்கு வறளுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, சோர்ந்து துவளுதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் வெட்கத்தால் சொல்வதில்லை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரும் குடிப்பதில்லை. பேருந்து நிற்கும் இடத்திலெல்லாம் நான் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பேன். மாணவியரை ஆசிரியை கேட்பார். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவியதையும் பார்த்துக்கொள்வோம். நம்மிடம் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். பொட்டலம் அதன் பிறகுதான் பயன்படும்.