மறைக்கப்பட வேண்டியவர்களா மாற்றுத்திறனாளிகள்?

(செஞ்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

செஞ்சியில் நின்று பேசுகிறவன் அந்த மலைகளைப் பார்க்காமல் பேச முடியாது. ஆனந்தக் கோன் எழுப்பத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டை இது. நாயக்கர்கள் விரிவாக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் படை வந்தது. 1677இல் சிவாஜி வந்தார். 1698இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் வந்தார். 1714இல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மடிந்தார். அந்தத் தேசிங்கின் பக்கம் நின்று உயிர் கொடுத்தவர் மகமத்கான் என்ற முஸ்லிம் நண்பர் என்று மக்கள் இன்றும் கதை சொல்கிறார்கள். பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தான், ஆங்கிலேயன் வந்தான். 2025 ஜூலையில் இந்தக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஏன் இதைச் சொல்கிறேன்? இந்த ஊர் வந்தவர்களால் ஆன ஊர். இன்றும் நம் தெருக்களில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் உருது. இன்று நம் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இந்தியும் வங்காளமும் கேட்கிறது. நம் பிள்ளைகளோ சவூதியிலும் துபாயிலும் வந்தேறிகளாக வாழ்கிறார்கள். எங்கும் யாரோ ஒருவர் வெளியூர்க்காரர்தான். அந்த வெளியூர்க்காரர் மாற்றுத்திறனாளியாகவும் இருந்துவிட்டால் அவர் கதி என்ன? இன்று நான் பேச வந்த பொருள் இதுதான்.

ஏர்வாடியில் எரிந்த 28 உயிர்கள்

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகங்களில் ஒன்று, அதிகாலையில் தீப்பற்றி எரிந்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. ஒரே வாரத்தில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். காப்பகம் நடத்தியவர்கள் குற்றவாளிகள், ஐயமில்லை. ஆனால் சிந்தியுங்கள் சகோதரர்களே! அந்த மக்களை அங்கே கொண்டுவந்து விட்டது யார்? பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். பல மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும், எல்லா மதத்தவரும் வந்தார்கள். அருகில் ஒரு மருத்துவர் இல்லை. இருந்தாலும், "மருத்துவமனைக்குப் போனால் ஊர் பைத்தியம் என்று சொல்லும், தங்கைக்கு மாப்பிள்ளை வராது" என்ற அச்சம். மருத்துவமனை அந்த மக்களின் மொழியில் பேசவில்லை. அவர்கள் நம்பிக்கையை மதித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தர்கா அவர்களை வா என்றது. அதனால் போனார்கள்.

தர்கா பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அது இன்றைய பொருள் அல்ல. அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா இருக்கிறது. அங்கே 'தவா, துஆ' என்ற பெயரில், அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்று, ஒரு திட்டம் தொடங்கினார்கள். தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்தார். முஜாவர்களுக்கு நோயின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளப் பயிற்சி தரப்பட்டது. "துஆ செய்வோம், அதோடு அந்த அறையில் இருக்கிற டாக்டரையும் பாருங்கள்" என்று முஜாவரே சொன்னார். டாக்டர் சொன்னால் கேட்காத குடும்பம் முஜாவர் சொன்னால் கேட்டது. மாத்திரை உள்ளே போனது. ஏர்வாடியிலும் இதே முறை பின்னர் தமிழக அரசின் மனநலத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது.

மக்களின் மொழி, நம்பிக்கை, பழக்கவழக்கம் ஆகியவற்றை அறிந்து, அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் சேவை இதுதான். இது சலுகை அல்ல. இப்படி அமையாவிட்டால் சேவை போய்ச் சேரவே சேராது.

தரையில் உட்காரத் தெரிந்த கால்

இன்னொரு சான்று ஜெய்ப்பூர் கால். அதற்கு முன் கிடைத்த செயற்கைக் கால்கள் மேல்நாட்டாருக்காகச் செய்யப்பட்டவை. நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ போட்டு நடப்பவருக்கு அவை சரி. நம் நாட்டு மனிதன் வெறுங்காலோடு நடப்பான், வயலில் இறங்குவான், குந்தி உட்காருவான், சம்மணமிட்டுச் சாப்பிடுவான். நாமோ காலைக் கழுவி உளூச் செய்து, தரையில் ஸஜ்தாவில் விழ வேண்டும். பழைய கால் இதற்கெல்லாம் ஒத்து வரவில்லை. வாங்கிய பலர் அதை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரைக் கொண்டு ஒரு புதுக் கால் செய்தார்கள். ஷூ தேவையில்லை, நனையலாம், மடக்கிக் குந்தலாம். பல நாடுகளுக்கும் அந்தக் கால் போனது. மனிதன் எப்படி வாழ்கிறான் என்று முதலில் பார்த்தார்கள், பிறகு காலைச் செய்தார்கள். வெற்றிக்குக் காரணம் அதுதான்.

மொழி தெரியாத அறையில் ஒரு தாய்

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். உருது பேசும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. தாய் புர்காவோடு பேருந்து ஏறி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, அறைக்குள் போகிறாள். கேள்விகள் தமிழில், படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும். அவளுக்குக் கடைத்தமிழ் தெரியும். பிள்ளையின் நோயைச் சொல்லும் தமிழ் தெரியாது. பிள்ளைக்குப் படத்தைக் காட்டித் தமிழில் பெயர் கேட்கிறார்கள். அது விழிக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறை என்று எழுதிவிட்டால் யார் பொறுப்பு? காது கேட்கவில்லையா, மொழி புரியவில்லையா, உண்மையிலேயே வளர்ச்சிக் குறையா என்று பிரித்தறிய, வீட்டு மொழியிலேயே சோதிக்க வேண்டும். "வீட்டில் உருதுவை நிறுத்துங்கள், ஒரே மொழி பேசுங்கள்" என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் இத்தகைய பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாய் தன் மொழியில் கொஞ்சுவதை நிறுத்தினால் பிள்ளைக்குத்தான் இழப்பு.

பெண் மருத்துவர் இல்லையென்றால் நம் பெண்கள் முகாமுக்குப் போவதில்லை. முகாமை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்தால் அழைத்துப்போக ஆண்களும் இல்லை. இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்களா? ஆஸ்திரேலியா 1973லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. சென்னையில் 1993இல் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. அவர்களில் பலர் வட மாநிலத்தவர், தமிழ் அறியாதவர்கள். எந்த மொழி, எந்த ஊர் என்று பொறுமையாகக் கண்டறிந்து அவர்களை வீடு கொண்டு சேர்த்தது. ஒரு தொண்டு அமைப்பால் முடிந்தது அரசால் முடியாதா?

சட்டம் தருவதை வாங்கினோமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழகத்தில் சுமார் 11.8 லட்சம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசம், தாலசீமியா, அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் இதில் அடக்கம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் உள்ளோருக்கு அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. இத்தனைக்கும் சாவி ஒரு சான்றிதழ். வீட்டில் ஒளித்து வைத்த பிள்ளைக்குச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

வணிகப் பெருமக்கள் இதைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். அறிவு வளர்ச்சிக் குறை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டால், சட்டப்படித் தகப்பனாரும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். இதைச் செய்யாமல் தகப்பனார் மௌத்தாகிவிட்டால் நடப்பதை நீங்களே அறிவீர்கள். அந்தப் பிள்ளையின் கைநாட்டை வாங்கிப் பங்கை எழுதிக்கொள்கிறார்கள். நம் பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஊனத்துக்காக ஒரு பைசா குறைப்பு உண்டா? இல்லை! அப்படியிருக்க, வாயில்லாத வாரிசின் பங்கை உண்பவன் எந்த முகத்தோடு முதல் ஸஃப்பில் நிற்கிறான்?

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூமை நினையுங்கள். அவரை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. அவர் பாங்கு சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவை விட்டு வெளியே சென்றபோது அவரைத் தம் இடத்தில் பொறுப்பாக நிறுத்திச் சென்றார்கள். அவருக்குக் கிடைத்தது பொறுப்பு. நாம் ரமலானில் வரிசையில் நிறுத்திச் சில்லறை தருகிறோம்.

நம் கடையில் நிற்கும் வெளியூர்க்காரர்

அரசிடம் கேட்கும் நாம், நம்மிடம் வேலை செய்யும் பீஹார்க்காரருக்கு என்ன செய்தோம்? சாரத்திலிருந்து விழுந்து அவர் முதுகெலும்பு முறிந்தால், ரயிலேற்றி அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்ததா? வேலையிடத்து விபத்தில் ஊனமானவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இந்த நாட்டின் சட்டம். அவர் சொந்த மாநிலத்தில் பெற்ற ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். இதை அவருக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்ல நம்மில் இந்தி, உருது தெரிந்தவர்கள் எத்தனை பேர்! அந்நிய மண்ணில் நம் பிள்ளைக்கு எது கிடைக்க வேண்டும் என்று துஆ கேட்கிறோமோ, அதை நம் மண்ணில் அவருக்குக் கொடுப்போம்.

வளைகுடா செல்வோருக்கும் ஒரு செய்தி. குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படும் கடவுச்சீட்டோடு செல்லும் தொழிலாளிக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அது தரும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜெண்ட் கையில் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள். பாலிசிப் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 2000க்குப் பின் மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாகவே மாறியது. படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் முதுகெலும்பு முறிந்தவரையும் வீடு தேடிப் பார்ப்பவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். செலவுக்குப் பணம் கடைக்காரர்களும் தொழிலாளிகளும் போடும் சிறு சிறு தொகை. இளைஞர்களும் வணிகர்களும்தானே அதைச் செய்தார்கள்? நம்மிடமும் இந்த இருவரும் இருக்கிறார்களே!

இளைஞர்களே! முஹல்லா முஹல்லாவாக வீடேறி, சான்றிதழ் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பட்டியல் எடுங்கள். விபரங்களை ரகசியமாக வையுங்கள், அது அமானிதம். முகாம் நாளன்று உருது தெரிந்த இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் மொழிபெயர்ப்பாளராக நில்லுங்கள்.

வணிகர்களே! கடைப் படியில் ஒரு சாய்தளம் போடுங்கள். தகுதியுள்ள ஒரு மாற்றுத்திறனாளிக்குக் கல்லாவிலோ கணக்கிலோ வேலை கொடுங்கள். ஜகாத்தை நூறு பேருக்கு நூறு நூறாகச் சிதறடிக்காமல், ஓர் ஆண்டில் ஒருவருக்குத் தையல் எந்திரமோ மூன்று சக்கர வண்டியோ கடையோ வைத்துக் கொடுத்து நிமிர்த்துங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பள்ளிவாசலில் சக்கர நாற்காலி ஏறும் வழியும், உட்கார்ந்து உளூச் செய்யும் இடமும் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை மூன்று. முகாமில் பெண் மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். படிவமும் விளக்கமும் உருதுவிலும் இந்தியிலும் வேண்டும். குழந்தைகளை வீட்டு மொழியில் சோதிக்க ஏற்பாடு வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. மலை கிராமத்து இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் செங்கல் சூளை ஒடியாக்காரருக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

2010இல் அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றியது. நல்லது. சொல் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உள் அறையில் பூட்டிய கதவு இன்னும் பல வீடுகளில் திறக்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் அதைத் திறங்கள். மற்றதைச் சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.