போதை ஒழிப்புக் குழுவில் நமக்கு என்ன இடம்?

(இளைஞர்களிடையே போதைப் பழக்கத்தைத் தடுப்பதற்காக மறைமலை நகரில் குடியிருப்போர் சங்கங்கள், தொழிற்சங்கத் தோழர்கள், பெற்றோர்கள், இரவுப் பள்ளி நடத்துவோர் சேர்ந்து தொடங்கியிருக்கும் கூட்டுக் குழுவின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் கம்பெனிச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கு வணக்கம்.

முதலில் ஒரு துண்டறிக்கையைப் பற்றிப் பேச வேண்டும். இந்தக் கூட்டத்துக்காக முதலில் அடித்த துண்டறிக்கையில் 'காலனிப் பகுதிகளில் பெருகிவரும் போதைப் பழக்கத்தைத் தடுப்போம்' என்று இருந்தது. நான் சண்டை போட்டேன். மாற்றி அடித்தார்கள், அதற்கு நன்றி. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை நீக்க ஓர் அறிவிப்பு போதும். ஆனால் இன்றைய தீர்மானப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு தெருவிலும் 'சந்தேகப்படும்படியான இளைஞர்கள்' பெயரை எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுப்பது. அதை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன். பெயர் எடுக்க எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எதிர்க்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைக்காதீர்கள். என் தம்பியின் கதையைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஐடிஐ முடித்த கையோடு ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். பெயருக்கு எட்டு மணி நேரம், ஓ.டி.யோடு பன்னிரண்டு. வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது பக்கத்து மிஷின்காரர் ஹான்ஸ் கொடுத்தார். உதட்டுக்குள் வைத்தால் தூக்கம் போய்விடுமாம். அம்மா துணி துவைக்கும்போது சட்டைப் பையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்ளோதானா? உங்கப்பன் போடாததா?" என்றார். எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கமாகவே கணக்கில் வராது. அப்புறம் முதுகுவலி. வலிக்கு மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மாத்திரை, சீட்டு இல்லாமல் கிடைத்தது. ஒருநாள் காண்ட்ராக்டர் ஐம்பது பேரை நிறுத்தினார். வேலை போனது, மாத்திரை போகவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஊசியைப் பார்த்த அன்றுதான் அம்மா அழுதார்.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா அவனை 'வாப்பா' என்று கூப்பிட்டார். நாற்பது நாள் தொடாமல் இருந்தான். நாற்பத்தோராம் நாள் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. எங்கேயோ ஒரு பைக் காணாமல் போயிருக்கிறது. ஊருக்கு நல்லது செய்கிற எண்ணத்தில் யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், அதில் இவன் பெயர். இரண்டு ராத்திரி உள்ளே வைத்திருந்து, பைக் வேறு இடத்தில் கிடைத்ததும் விட்டார்கள். வெளியே வந்தவன் வீட்டுக்கு வரவில்லை, நேராக மாத்திரைக்குத்தான் போனான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

அந்தப் பட்டியலைக் கொடுத்தவர் கெட்டவர் இல்லை. இந்தக் கூட்டத்தில்கூட இருக்கலாம்.

சட்டமே வேறு மாதிரிச் சொல்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். எத்தனை பேருக்கு இது தெரியும்? நான்கு வருடம் அலைந்த எனக்கே போன வருடம்தான் ஒரு வழக்கறிஞர் தோழர் சொன்னார்.

சரி, போதை காலனியில்தான் இருக்கிறதா? 2024 ஆகஸ்ட் கடைசியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொத்தேரியில், மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தாம்பரம் காவல் ஆணையரகம் பெரும்படையோடு போய்ச் சோதனை போட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். கஞ்சா பிடிபட்டது. அதற்காக 'அபார்ட்மெண்ட் பகுதிகளில் பெருகிவரும் போதை' என்று யாரும் நோட்டீஸ் அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று எல்லோரும் கவலைப்பட்டது சரிதான். அதே கவலையில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு கேட்கிறேன்.

எங்களைக் குடிகாரர்கள் என்று சொல்கிறவர்களுக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கப் போவார், குழி வெட்டப் போவார். கூலியில் பாதி காசு, பாதி சாராயம். 'காசா கொடுங்க சாமி' என்று கேட்டதற்கு அடி வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குகிறவன் முதலில் குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறக்குகிறான். நிதானத்தில் இருக்கிற மனிதன் அதற்குள் இறங்க மாட்டான். ஊற்றிக் கொடுத்தது யார் என்ற கேள்வியை விட்டுவிட்டு, குடித்தது யார் என்று மட்டும் கணக்கெடுப்பது இந்த ஊரின் பழைய வழக்கம்.

இந்த மண்ணுக்கு வேறு வரலாறும் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற ஒன்று வந்தது. இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது செங்கல்பட்டில். 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டதும் இதே செங்கல்பட்டில்தான். நிலம் கைக்கு வரவில்லை, கம்பெனி வந்தது. கம்பெனி வந்ததால் சிலர் மாடி வீடு கட்டினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபோர்டு மூடப்போகிறது என்று 2021 செப்டம்பரில் அறிவித்து 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே போனபோது, நிரந்தரத் தொழிலாளிக்காவது இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை நடந்தது. கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் வண்டி ஓட்டியும் பிழைத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா ஒரு ஷிப்ட், அம்மா இன்னொரு ஷிப்ட். சாயங்காலம் நாலரை மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. என் இரவுப் பள்ளிக்கு வருகிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உதட்டுக்குள் கூல் லிப் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னான். நான் கண்டுபிடித்தபோது அவன் பயப்படவில்லை. 'டீச்சர், பசிக்காது டீச்சர்' என்றான்.

இதற்குப் பட்டியல் என்ன செய்யும்?

ஐஸ்லாந்து என்று ஒரு சின்ன நாடு. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியிருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். அவர்கள் பிள்ளைகளைப் பிடித்து அடைக்கவில்லை. பள்ளிகளில் பெயர் எழுதாமல் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தார்கள். பெற்றோரைச் சேர்த்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்குக் கட்டணம் கட்ட நகராட்சியே உதவியது. பணக்கார நாடு, நமக்கு அது ஆகாது என்று சொல்வீர்கள். அப்படியென்றால் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவுக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட கூலிக்காரப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 1995இல் முழு மதுவிலக்கு வந்து, 1997இல் அது தளர்ந்துபோனது வேறு கதை. அந்தப் பெண்கள் தங்கள் புருஷன் பெயரைப் பட்டியல் போட்டு போலீசுக்குக் கொடுக்கவில்லை. கடைக்காரனைத்தான் கேட்டார்கள்.

நாமும் விற்கிறவனிலிருந்து தொடங்குவோம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு மதுவோ போதைப் பொருளோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. பட்டியல்தான் வேண்டும் என்றால் கடைகளின் பட்டியலை எடுப்போம், நானே கூட வந்து எழுதுகிறேன்.

இங்கேதான் என் நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. எங்கள் தெருவிலும் விற்கிறார்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், காலையில் பிளாக்கில் குவார்ட்டர் விற்பது புருஷனை இழந்த ஓர் அக்கா. அந்தப் புருஷனும் குடித்தே செத்தவர். அந்த அக்காவை ஜெயிலில் போட்டால் இரண்டு பெண் பிள்ளைகள் தெருவில் நிற்கும். விட்டுவைத்தால் காலை ஆறு மணிக்கு என் மாணவனின் அப்பா குடிக்கிறார். போய்ப் பேசினேன். 'மாசம் பன்னெண்டாயிரம் வர்ற வேலை வாங்கிக் குடு, இன்னைக்கே நிறுத்தறேன்' என்றார். என்னிடம் பதில் இல்லை. இத்தனை கம்பெனிக்காரர்களைத் தெரிந்தவர்கள் இருக்கிற இந்தக் குழுவிடம் இருக்கலாம். இந்த மாநிலத்தில் 2023–24இல் மட்டும் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பதையும் அந்த அக்காவைத் திட்டுவதற்கு முன்னால் நினைத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கமும் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்கள் டாஸ்மாக்கில் வாங்கக் காசில்லாத கூலிக்காரர்கள்.

ஒரு தோழர் கேட்டார், இயக்கத்துக்காரர்கள் ஏன் இதைக் கையில் எடுக்கிறீர்கள், இது காந்தியவாதிகளின் வேலை அல்லவா என்று. 1956இல் நாக்பூரில் பாபாசாகேப் மக்களை ஏற்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. பெரியார் 1921 கள்ளுக்கடை மறியல் காலத்தில் தன் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டியவர், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். ஆக, ஒரே பதில் இல்லை. எனக்கு ஒன்று மட்டும் தெளிவு. போதையில் கிடக்கிற பையன் படிக்க மாட்டான், சங்கத்தில் சேர மாட்டான், யார் அடித்தாலும் திருப்பிக் கேட்க மாட்டான். அவன் அப்படிக் கிடப்பதில் லாபம் பார்க்கிறவர்கள் நிறைய.

சிகிச்சையைப் பற்றி ஒரு கணக்கு. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை என்றால் 180 பேரில் ஒருவருக்கு. 14446 என்ற கட்டணமில்லாத எண்ணை எல்லா டீக்கடையிலும் ஒட்டுவோம். மருத்துவமனைக்குப் போகிற நாளில் கூலி போய்விடும், துணைக்குப் போகிறவருக்கும் போய்விடும். அந்தக் கூலியைக் கொடுக்க ஓர் உண்டியல் வைப்போம். அடித்துத் திருத்துகிறோம் என்று மாதம் பல ஆயிரம் வாங்கும் மறுவாழ்வு இல்லங்களுக்கு, பதிவுச் சான்றைப் பார்க்காமல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

எனவே மூன்றாவது தீர்மானத்தை நீக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அதற்குப் பதிலாக இது: குழுவில் பாதிப் பேர் எங்கள் தெருக்களிலிருந்து இருக்க வேண்டும், அதில் பாதி பெண்கள், பழக்கத்திலிருந்து மீண்ட இரண்டு இளைஞர்களாவது இருக்க வேண்டும். யாருடைய பெயரும் குழுவிலிருந்து காவல் நிலையத்துக்குப் போகாது என்று எழுத்தில் வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற காலி மைதானத்துக்கு நகராட்சி இரண்டு விளக்கு போட்டுக் கொடுத்தால், சாயங்காலம் நாலரை முதல் ஒன்பது வரை பொறுப்பை இரவுப் பள்ளி ஏற்கும்.

அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவனாக வர என் தம்பி சம்மதித்திருக்கிறான். பின்வரிசையில் இருக்கிறான். அடுத்துப் பேச அவனைக் கூப்பிடுங்கள். அவனுக்கு ஒன்பது மணிக்கு ஷிப்ட்.