சீந்தில் என்னும் அமிர்தவல்லி

புற்றுநோயை எதிர்க்கும் சக்தியைத் தாவரங்கள் நம் சரீரத்துக்கு அளிக்குமா என்பது இன்றைய விஷயம். எனக்கு ஒதுக்கிய நேரமோ சொற்பம், ஆகவே எனக்குப் பிரியமான ஒரு கொடியையே பற்றிக்கொள்கிறேன்.

மறைமலை நகரில் என் வீட்டுக் கொல்லை வேம்பின்மேல் சீந்தில் படர்ந்திருக்கிறது. (தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து வந்து இத்தனை வடசொற்களைப் பேசுவதை நேயர்கள் பொறுத்தருள்க.) அடியை வெட்டிவிட்டாலும் அக்கொடி வாடாமல், மேலிருந்து நூல்போன்ற விழுதுகளை இறக்கி, மண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், முன்னோர் அதனை அமிர்தவல்லி என்றது அதனால்தான் போலும். தண்டை நசுக்கி நீரில் பிசைந்து வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்து, அடியில் தங்கிய வெண்மாவை உலர்த்தினால் கிடைப்பது சீந்தில் சர்க்கரை. மாணாக்கனாயிருந்தபோது பெயரை நம்பி அதனை ஒரு சிட்டிகை நாவிலிட்டேன். தித்திப்பு இம்மியும் இல்லை. ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இத்தண்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், கிருமிகளையும் கெட்டுப்போன உயிரணுக்களையும் விழுங்கும் காவலணுக்களை எலிகளிடத்தில் தட்டியெழுப்பிற்று. எலியிடம் கண்டது மனிதருக்குச் சிகிச்சையாகிவிடாது என்பதைத் தயவுசெய்து மறவாதீர்கள். வேடிக்கை என்னவெனில், புற்றுநோய்க்கு மெய்யாகவே மருந்து தந்த நித்தியகல்யாணி, எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் செடியே அன்று. 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் நீரிழிவுக்காக அதன் சாற்றை எலிகளில் சோதித்தபோது, சர்க்கரை குறையாமல் வெள்ளணுக்களே குறைந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்னும் அம்மருந்து பிறந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், மருத்துவரிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் சீந்தில் கஷாயம் குடித்து, கண்ணெல்லாம் மஞ்சளித்து என்னிடம் வந்தார். சீந்தில் உட்கொண்டோரிடம் கல்லீரல் பாதிப்பை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனைப்போலவே தோன்றும் வேறொரு கொடியும் உண்டு. அம்மாளின் கொடி எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கொடியில் சந்தேகமிருந்தால், இலையும் தண்டுமாகத் தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அடையாற்றிலோ வேறெங்கோ புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறதென்றால், அடுத்த முறை போகும்போது நீங்கள் குடிக்கும் கஷாயத்தின் பொட்டலமும் உங்கள் பையில் இருக்கட்டும். டாக்டர் கேட்கும்முன் நீங்களே எடுத்துக் காட்டுவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.