195 பேரும் ஒரு தாயும்: வங்கதேசத்தில் தாமதித்து வந்த நீதி

(இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை நாளையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. ஹிட்லரின் வதைமுகாம்களுக்குப் பிறகு மனிதகுலம் தனக்குத்தானே அளித்துக்கொண்ட வாக்குறுதி அது. கால் நூற்றாண்டு கழித்து, 1973 மே 11 அன்று, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் அந்த உடன்படிக்கையை முன்வைத்து ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. வழக்காடிய நாடு பாகிஸ்தான், எதிர்த்தரப்பு இந்தியா. இனப்படுகொலை செய்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கன்று அது. குற்றம் சாட்டப்பட்ட தன் 195 இராணுவத்தினரை வங்கதேசத்திடம் விசாரணைக்கு ஒப்படைக்கக் கூடாது என்பதே பாகிஸ்தானின் வேண்டுகோள். குற்றம் நடந்த மண்ணின் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று உடன்படிக்கை கூறுகிறது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அந்த மண் பாகிஸ்தானாக இருந்தது. ஆகவே விசாரிக்கும் உரிமை பாகிஸ்தானுக்கு மட்டுமே உண்டு! கொலையாளியே நீதிபதி ஆசனத்தையும் கேட்டுப் பெறும் இந்த வாதம், போர்க்குற்றங்களின் வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது.

அந்த 195 பேர் என்ன ஆனார்கள் என்பதில்தான் வங்கதேசத்தின் அடுத்த ஐம்பதாண்டு அரசியல் அடங்கியிருக்கிறது.

1970 தேர்தலில் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் தனிப் பெரும்பான்மை பெற்ற அவாமி லீக்கிடம் ஆட்சியை ஒப்படைக்க யாஹ்யா கானின் இராணுவ ஆட்சி மறுத்தது. 1971 மார்ச் 25 நள்ளிரவில் டாக்கா பல்கலைக்கழகத்தின் ஜகந்நாத் விடுதியில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; குடிசைப் பகுதிகளுக்குத் தீ வைக்கப்பட்டது. 1948இலேயே பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் வங்க மொழிக்கு உரிமை கேட்ட முதியவர் தீரேந்திரநாத் தத்தா, சில நாட்களில் கொமில்லா இராணுவ முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். சின்னஞ்சிறு திரிபுரா, தன் சொந்த மக்கள்தொகைக்கு ஏறத்தாழ இணையான அகதிகளை ஏற்றது. கொல்லப்பட்டோர் 30 லட்சம் என்கிறது வங்கதேச அரசு; ஆய்வாளர் சிலர் அதனினும் குறைவாக மதிப்பிடுகின்றனர். எண்ணிக்கை குறித்த வாதம் தொடரலாம். குற்றம் நடந்ததா என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

இராணுவம் தனித்துச் செயல்படவும் இல்லை. ரசாக்கர், அல்-பதர் என்ற துணைப்படைகள் உள்ளூரில் திரட்டப்பட்டன. ஜமாத்-இ-இஸ்லாமியின் மாணவர் அமைப்பிலிருந்தே அல்-பதரின் ஆட்கள் பெரும்பாலும் வந்தனர். தோல்வி உறுதியாகிவிட்ட டிசம்பர் 14 அன்று, வீடுகளிலிருந்து ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் எழுத்தாளர்களையும் பட்டியல் வைத்துப் பிடித்துச் சென்று கொன்றவர்கள் இவர்களே. கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஷஹிதுல்லா கைசரும் நாடக ஆசிரியர் முனீர் சௌத்ரியும் அன்று கொண்டுசெல்லப்பட்டவர்கள், திரும்பவில்லை.

வாஷிங்டனுக்கு இவை தெரியாமல் இல்லை. டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தம் அரசு கண்மூடி நிற்பதைக் கண்டித்து ஏப்ரல் 6 அன்று தந்தி அனுப்பினார். இருபது அமெரிக்க அதிகாரிகள் அதில் கையெழுத்திட்டிருந்தனர். அவர் டாக்காவிலிருந்து அகற்றப்பட்டார். ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பீகிங் செல்ல வேண்டியிருந்தது. யாஹ்யா கானின் நட்பு நிக்சனுக்குத் தேவைப்பட்டது. பின்னாளில் அமைந்த எந்த நீதிமன்றத்திலும் இவர்களின் பெயர் குற்றவாளிக் கூண்டில் ஒலிக்கவில்லை.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் கைதிகளாயினர். 1973 ஏப்ரலில், அவர்களுள் 195 பேரை விசாரிப்பதாக வங்கதேசம் அறிவித்தது. ஜூலையில் அதற்கென ஒரு சட்டத்தையும் இயற்றியது. போரினால் சிதைந்திருந்த ஓர் ஏழை நாடு, நியூரம்பெர்க் விசாரணையைப் பின்பற்றித் தானே எழுதிக்கொண்ட சட்டம் அது.

பிறகு பேரம் தொடங்கியது. பாகிஸ்தானில் சிக்கியிருந்த லட்சக்கணக்கான வங்காளிகள் பணயமாகினர். அவர்களுள் சிலர் மீது வழக்குத் தொடுக்கப்படும் என்று பூட்டோ மிரட்டினார். வங்கதேசம் ஐ.நா.வில் சேர்வதை 1972 ஆகஸ்டில் சீனா தன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. சோஷலிச நாடு ஒன்று இதைச் செய்தது கசப்பான செய்திதான். மறைப்பதால் அது இல்லாமற் போகாது. 1974 பிப்ரவரியில் லாகூர் இஸ்லாமிய உச்சி மாநாட்டை ஒட்டிப் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரல் 9 அன்று புதுதில்லியில் மூன்று நாடுகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. குற்றங்கள் ஏதும் நிகழ்ந்திருக்குமாயின் அவற்றுக்கு வருந்துவதாகப் பாகிஸ்தான் கூறியது. கருணையின் பேரில் விசாரணையைக் கைவிடுவதாக வங்கதேசம் கூறியது. 195 பேரும் ஊர் திரும்பினர். அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஹேக் வழக்கைப் பாகிஸ்தான் திரும்பப் பெற்றிருந்தது. இனி அதற்குத் தேவையில்லை. டாக்கா படுகொலைக்குத் தலைமை தாங்கிய திக்கா கான் 1972இலேயே பாகிஸ்தான் இராணுவத்தின் தலைமைத் தளபதி ஆகிவிட்டார். பாகிஸ்தானே அமைத்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையம், தளபதிகள் சிலரை விசாரிக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2000ஆம் ஆண்டு வரை பூட்டி வைக்கப்பட்டது.

பேரம் நடந்த மேசை தில்லியில் இருந்தது என்பதை இந்தியர் மறப்பதற்கில்லை. கொல்லப்பட்டோரின் குடும்பத்தார் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

எஜமானர் தப்பியபின் ஏவலாளரைத் தண்டிப்பது எளிதாக இருக்கவில்லை. உள்ளூர்த் துணைவர்களுக்கு எதிராக 1972இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்கீழ் வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. 1973 நவம்பரில் முஜிபுர் ரஹ்மான் பொதுமன்னிப்பு அறிவித்தார். எனினும் கொலை, பாலியல் வன்முறை, தீவைப்புக் குற்றங்களுக்கு அது பொருந்தாது என்றார். 1975 ஆகஸ்ட் 15 அன்று அவரே குடும்பத்துடன் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் கடைசி நாளில் இராணுவ ஆட்சி அந்த ஆணையை முற்றாக நீக்கிச் சிறைக் கதவுகளைத் திறந்தது. 1971இல் ஐ.நா.வில் பாகிஸ்தானுக்காகப் பேசச் சென்ற ஷா அஜிஜுர் ரஹ்மான் 1979இல் வங்கதேசத்தின் பிரதமரானார். ஜமாத் தலைவர் குலாம் ஆசம், பாகிஸ்தான் கடவுச்சீட்டுடன் 1978இல் வந்து அங்கேயே தங்கிவிட்டார். அல்-பதரின் தலைவராக இருந்த மதியுர் ரஹ்மான் நிஜாமி, 2001இல் அமைச்சராகித் தேசியக்கொடி பறக்கும் காரில் சென்றார். அந்தக் கொடி உருவாவதைத் தடுக்கவே அவர் போரிட்டவர்.

1991 டிசம்பரில் குலாம் ஆசமைத் தன் தலைவராக ஜமாத் வெளிப்படையாக அறிவித்தது. அதைப் பொறுக்காமல் எழுந்தவர் ஜஹனாரா இமாம். ஆசிரியை, எழுத்தாளர். 1971 ஆகஸ்ட் இறுதியில் அவருடைய மூத்த மகன் ரூமியை இராணுவம் பிடித்துச் சென்றது, ரூமி திரும்பவில்லை. விடுதலைக்குச் சில நாட்கள் முன்பு கணவரும் மாரடைப்பால் இறந்தார். அந்நாட்களின் குறிப்புகளை அவர் 1986இல் நூலாக வெளியிட்டார்; வங்கதேசத்தின் வீடுகளில் அது படிக்கப்பட்டது. புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்த இந்தத் தாயின் தலைமையில் 1992 ஜனவரியில் ஓர் அமைப்பு உருவானது. மார்ச் 26 அன்று, பாகிஸ்தான் படை சரணடைந்த அதே டாக்கா மைதானத்தில் 'மக்கள் நீதிமன்றம்' கூடியது. பெருந்திரளான மக்கள் முன்னிலையில் குலாம் ஆசமின் குற்றங்கள் மரண தண்டனைக்கு உரியவை என அறிவிக்கப்பட்டது.

காலிதா ஜியா அரசு என்ன செய்தது? மக்கள் நீதிமன்றத்தை நடத்திய 24 பேர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. 1994 ஜூனில் ஜஹனாரா இமாம் காலமானபோது அந்த வழக்கு அவர் மீது நிலுவையில் இருந்தது. அதே ஆண்டு குலாம் ஆசமின் குடியுரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. அவாமி லீக்கின் 2008 தேர்தல் அறிக்கையில் விசாரணை வாக்குறுதியானது. 2010 மார்ச் 25 அன்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயம் அமைந்தது. 2013 பிப்ரவரி 5 அன்று அப்துல் காதர் மொல்லாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்த அவர் இரு விரல்களை உயர்த்தி வெற்றிச் சின்னம் காட்டினார். அன்று மாலையே ஷாபாக் சதுக்கத்தில் இளைஞர்கள் திரண்டனர். 1971ஐக் காணாத தலைமுறை அது. மதவெறி அரசியலைத் தடை செய் என்ற அவர்களுடைய முழக்கம் போற்றத்தக்கது. தூக்கிலிடு என்ற முழக்கத்தை அவ்வாறு கூற இயலாது.

அரசு சட்டத்தைத் திருத்தி, முன்தேதியிட்டு மேல்முறையீட்டு உரிமையைப் பெற்றது; டிசம்பர் 12 அன்று மொல்லா தூக்கிலிடப்பட்டார். முன்னதாக, தீர்ப்பாயத் தலைவர் வெளிநாட்டு ஆலோசகருடன் வழக்குகள் குறித்து நடத்திய உரையாடல் வெளியானதால் பதவி விலக நேர்ந்தது. மொல்லாவின் மரண தண்டனைக்கு ஆதாரமாக நின்றது முக்கியமாக ஒரு பெண்ணின் சாட்சியம். மீர்ப்பூரில் குடும்பம் கொல்லப்பட்டபோது சிறுமியாக ஒளிந்திருந்து தப்பியவர். அவர் முன்பு அளித்த வாக்குமூலத்துக்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு விவாதப் பொருளானது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பெண்ணை எவரும் நீதிமன்றத்துக்கு அழைக்கவில்லை. அதன் பழியும் அவர் தலையிலேயே விழுந்தது. நிஜாமி உள்ளிட்ட மேலும் சிலர் 2016க்குள் தூக்கிலிடப்பட்டனர். 1971இன் குற்றங்களுக்காகப் பாகிஸ்தான் அதிகாரி ஒருவர்கூட எந்த நாட்டிலும் கூண்டில் நிற்கவில்லை.

வழக்கின் நடைமுறையில் விடப்படும் ஓட்டை வழியாகக் குற்றவாளியே பின்னர் வெளியேறுகிறான். நீதியைத் தன் கட்சியின் சொத்தாக்கிக்கொண்ட ஹசீனா அரசு 2024 ஆகஸ்டில் மக்கள் எழுச்சியில் வீழ்ந்தது. அவ்வெழுச்சியை ஒடுக்க அது நடத்திய படுகொலைகள் மன்னிக்கத்தக்கவை அல்ல. 2014இல் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஜமாத் தலைவர் அசருல் இஸ்லாமை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நவம்பர் 17 அன்று, அதே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அதே தீர்ப்பாயம், ஹசீனா நேரில் இல்லாத நிலையிலேயே அவருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பாயத்தைக் குறைகளுடன் கட்டியவரே அதன் குறைகளைச் சுட்டிக்காட்டும் நிலைக்கு வந்தார்.

இந்தியாவின் நிலை என்ன? 1973இல் ஹேக் நீதிமன்றத்துக்கு இந்தியா அளித்த பதில்: உடன்படிக்கையில் சேர்ந்தபோதே 9ஆம் பிரிவுக்கு நிபந்தனை விதித்துவிட்டோம், இந்திய அரசின் சம்மதமின்றி விசாரிக்கும் அதிகாரம் இந்நீதிமன்றத்துக்கு இல்லை. அந்த நிபந்தனை இன்றும் நீடிக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த 1998ஆம் ஆண்டு ரோம் சட்டத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. வங்கதேசம் 2010இல் சேர்ந்துவிட்டது. 1959இல் ஏற்ற உடன்படிக்கையின்படி இயற்ற வேண்டிய உள்நாட்டுச் சட்டமும் இன்றுவரை இல்லை.

இது ஏட்டளவிலான குறையன்று. 1984 தில்லி சீக்கியர் படுகொலையில் சஜ்ஜன் குமாருக்கு 34 ஆண்டுகளுக்குப் பின், 2018 டிசம்பர் 17 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பில் நீதிபதி எஸ்.முரளிதர் அமர்வு மும்பை, குஜராத், கந்தமால், முசாஃபர்நகர் ஆகிய பெயர்களையும் வரிசைப்படுத்தியது. இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் இந்தியச் சட்டத்தில் குற்றங்களாக இடம்பெறவில்லை, இந்த ஓட்டை உடனடியாக அடைக்கப்பட வேண்டும் என்று எழுதியது. ஆறு ஆண்டுகளுக்குள் ஒன்றிய அரசு தண்டனைச் சட்டம் முழுவதையும் மாற்றி எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 358 பிரிவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில்கூட இனப்படுகொலை என்ற குற்றம் இல்லை.