மாற்றுத்திறனாளிகளின் குதிரையேற்றத் தேர்ச்சியும் குதிரைப் பராமரிப்பும்



நம் இராமநாதபுரம் கடலோரத்திற்கும் குதிரைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் பாண்டிக் கரையில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்றார். ஏறி அமர்வது பாதித் திறன். பேணத் தெரிவது மறுபாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குதிரை வளர்க்கும் வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளி இருந்தால், "பாவம், இவரால் ஆகாது" என்று ஒதுக்குகிறோம். அல்லது ஆசைக்காகச் சோதிக்காமலே ஏற்றிவிடுகிறோம். இரண்டும் தவறு. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏற அவருக்குப் பிறர் துணை தேவைப்பட்டது. ஆயினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1996 முதல் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் இடம்பெறுகிறது. ஆகவே குறையை அளவிடாதீர்கள், வேலையை அளவிடுங்கள்.

முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டுப்படாத வலிப்பு நோய், கழுத்து எலும்பு உறுதியின்மை போன்றவை இருந்தால் ஏறக்கூடாது.

பிறகு, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறியுங்கள்: தானாகச் செய்கிறார், சொன்னால் செய்கிறார், துணையுடன் செய்கிறார், இன்னும் பழகவில்லை. காலை வெயில் ஏறுமுன், இரண்டு வெவ்வேறு நாட்களில் சோதிப்பது நல்லது.

பராமரிப்பில் பார்க்க வேண்டியவை:

1. குதிரையின் தோளருகே நின்று, குரல் கொடுத்து அணுகுகிறாரா? நேர் பின்னால் போகாமல் இருக்கிறாரா? சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சும் அருகில் ஓர் ஆளும் கட்டாயம்.

2. குளம்பில் கல், புண் உள்ளதா என்று பார்க்கிறாரா? குனிய முடியாதவர், துணையாளைக் கொண்டு சரியாகச் செய்வித்தால் அதுவும் தேர்ச்சியே. பார்வையற்றவர் கால்களைத் தடவி வீக்கத்தையும் சூட்டையும் கண்டுபிடிக்கலாம்.

3. குடிநீரைக் கவனிக்கிறாரா? நம் கடலோரத்தில் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. நீர் பிடிக்காமல் குறைவாகக் குடித்தால் குதிரைக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வரும். பெரிய குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வேண்டும். வெயிலிலும் உழைப்பிலும் கூடுதலாகும்.

4. தரையைக் காலால் பறிப்பது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, உருளுவது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள் என அறிந்து, உடனே கால்நடை மருத்துவரை அழைப்பாரா?

சவாரியில் பார்க்க வேண்டியவை: மேடையிலிருந்து அமைதியாக ஏறுதல், நேராக அமர்தல், நடக்கச் செய்தல், நிறுத்துதல், திருப்புதல், பத்திரமாக இறங்குதல். ஒரு கை வலுவற்றவருக்குக் கடிவாள வாரில் வளையம் தைத்துக் கொடுக்கலாம். காது கேளாதவருக்குக் கையசைவால் சொல்லலாம். இவற்றுக்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். பழகிய குதிரை தானாகவே நின்றால் அது குதிரையின் தேர்ச்சி. எனவே வேறொரு சாதுவான குதிரையிலும் சோதியுங்கள்.

தலைக்கவசமும் குதிகால் உள்ள காலணியும் இன்றி ஏற்றாதீர்கள். தொடக்கத்தில் குதிரையைப் பிடிக்க ஒருவர், இருபுறமும் இருவர் என மூவர் வேண்டும். விழாதிருக்கட்டும் என்று ஏறுபவரைச் சேணத்தோடு ஒருபோதும் கட்டாதீர்கள். குதிரை சாய்ந்தால் அவர் தப்ப வழியிராது.

நம் கிராமங்களில் ஐயனாருக்கு மண் புரவி எடுக்கிறோம். அந்தப் புரவிக்குத் தண்ணீர் வேண்டாம். உயிருள்ள புரவிக்கு வேண்டும். நேரம் தவறாமல் அதைப் பேணுபவர் கால் ஊன்றி நடப்பவரா, ஊன்றுகோலில் வருபவரா என்று குதிரை பார்ப்பதில்லை. நாமும் பாராமல், திறனறிந்து பொறுப்புக் கொடுப்போமாக.