ஒளிந்து நிற்கும் ஒரு சொல்



ஆங்கிலப் பாடம் என்றதும் பிள்ளைகளை வானொலிப் பெட்டியருகே உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால், அதனால் விளையும் நன்மையும் தீமையும் பெரியவர்களுக்குத்தானே? அப்படிப்பட்ட கடிதங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து நின்று வேலை செய்கின்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் நம் தமிழைப் பார்ப்போம். "அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும்." இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அவருக்கு உடம்பு சரியில்லை என்பது ஒன்று. அது எனக்குத் தெரியும் என்பது மற்றொன்று. ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறுதான் "என்று" என்னும் சொல். பேச்சில் இது தேய்ந்து, "சரியில்லைன்னு தெரியும்" என்று ஆகிவிடும். தேயுமே தவிர மறையாது. "உடம்பு சரியில்லை எனக்குத் தெரியும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூடத் திருத்திவிடுவார்.

ஆங்கிலத்தில் இந்தக் கயிற்றின் பெயர் "தட்". "ஐ நோ தட் ஹி இஸ் சிக்." நமக்கும் அவர்களுக்கும் வரிசைதான் வேறு. தமிழில் உள்வாக்கியம் முன்னால் வரும். அது முடிந்த இடத்தில் "என்று" வரும். ஆங்கிலத்தில் "தட்" முன்னால் வந்து கதவைத் திறக்கும். உள்வாக்கியம் அதன் பின்னால் நுழையும்.

ஆனால் ஆங்கிலேயர் இதையே "ஐ நோ ஹி இஸ் சிக்" என்றும் சொல்லுவார்கள். "தட்" போய்விட்டது; பொருள் அப்படியே இருக்கிறது. பிள்ளை இப்படி எழுதினால், ஒரு சொல்லை விழுங்கிவிட்டான் என்று அதட்டாதீர்கள். அதுவும் நல்ல ஆங்கிலமே. சொல்லுதல், நினைத்தல், அறிதல், நம்புதல் போன்ற பொருள் தரும் வினைகளுக்குப் பின்னால், அதுவும் சாதாரணப் பேச்சில், "தட்" பெரும்பாலும் வருவதே இல்லை.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. மலாய் மொழியில் புத்தகத்தில் எழுதும்போது "சாயா தாஹு பஹாவா டியா சாக்கிட்" என்று எழுதலாம். கடையில் நின்று பேசும்போது யார் அந்த "பஹாவா"வைச் சொல்லுகிறார்கள்? "சாயா தாஹு டியா சாக்கிட்" என்றாலே போதும். மலாய்க்கார அண்டை வீட்டாரோடு தினமும் பேசுகிற நமக்கு இந்தப் பழக்கம் நாக்கிலேயே இருக்கிறது.

தமிழ் இலக்கணமும் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. "அப்பா மரம் வெட்டினார்" என்கிறோம். "மரத்தை" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஐ" என்னும் உருபு இல்லை. ஆனாலும் மரம் அப்பாவை வெட்டியதாக எவரும் எண்ணுவதில்லை. உருபு தொக்கி நிற்கிறது, அதாவது மறைந்து நின்று பொருள் தருகிறது என்பார்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று அதற்குப் பெயர். இக்கால மொழியியல் அறிஞர் பலரும் ஆங்கில வாக்கியத்தைப் பற்றி இப்படித்தான் சொல்லுகிறார்கள். "தட்" வாயில் வராவிட்டாலும் அதன் இடம் காலியாக அங்கேயே இருக்கிறது. அந்த ஓசையற்ற சொல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

சரி, இதனால் நமக்கு என்ன தொல்லை? இந்த வாக்கியத்தைக் கேளுங்கள். "வி கன்ஃபர்ம் தி வொர்க்கர் வாஸ் ஆப்சென்ட் ஆன் மண்டே." அரைகுறை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இதை மெல்ல எழுத்துக்கூட்டிப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வி கன்ஃபர்ம் தி வொர்க்கர்" என்பது வரை வந்ததும் முகம் மலர்ந்துவிடும். வேலை "கன்ஃபர்ம்" ஆகிவிட்டது, அதாவது நிரந்தரமாகிவிட்டது என்று நம் மக்கள் பேசிக்கொள்வது வழக்கமாயிற்றே! ஆனால் கடிதம் சொல்லுவது வேறு. தொழிலாளி திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை என்று உறுதிப்படுத்துகிறோம் என்பதுதான் செய்தி. "கன்ஃபர்ம்" என்பதற்குப் பின்னால் ஒரு "தட்" ஒளிந்திருந்தது. அதைக் காணாததால், வராத வேலையை வந்ததாக எண்ணி மகிழ்ந்துவிட்டார்.

ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வினைமுற்றுகளை எண்ணுங்கள். மேலே சொன்ன வாக்கியத்தில் "கன்ஃபர்ம்" ஒன்று, "வாஸ்" இன்னொன்று. ஒவ்வொரு வினைமுற்றுக்கும் ஓர் எழுவாய் வேண்டும். "வாஸ்" என்பதற்கு எழுவாய் யார்? "தி வொர்க்கர்." ஆகவே அவர் "கன்ஃபர்ம்" என்னும் வினைக்குச் செயப்படுபொருள் அல்லர்; புதிதாகத் தொடங்கும் உள்வாக்கியத்துக்குத் தலைவர். அவருக்கு முன்னால் "தட்" என்னும் சொல்லை நீங்களே பென்சிலால் எழுதிப் பாருங்கள். பொருள் பளிச்சென்று விளங்கும். இணைக்கும் சொல் எதுவும் இல்லாமல் இரண்டாவது முற்று ஒன்று திடீரென்று வந்தால், கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. "தி டாக்டர் செட் ஆன் மண்டே ஹி வாஸ் அன்ஃபிட் ஃபார் வொர்க்." திங்கட்கிழமை எதோடு சேரும்? டாக்டர் சொன்னது திங்கட்கிழமையா, அல்லது அவர் வேலை செய்ய இயலாமல் இருந்தது திங்கட்கிழமையா? இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். முதல் பொருளில், டாக்டர் திங்கட்கிழமை பார்த்துச் சொன்னார். ஓய்வு எத்தனை நாளுக்கு என்பது வேறு விஷயம். இரண்டாவது பொருளில், அந்த ஒரு திங்கட்கிழமைக்கு மட்டும்தான் பேச்சு. செவ்வாய்க்கிழமையும் வராதவருக்கு ஒரு நாள் சம்பளம் இந்த வாக்கியத்தில் தொங்குகிறது. "செட் ஆன் மண்டே தட்" என்றால் சொன்ன நாள் திங்கள். "செட் தட் ஆன் மண்டே" என்றால் இயலாமல் இருந்த நாள் திங்கள். "தட்" இங்கே வேலிபோல நின்று, நாளை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிரித்துவிடுகிறது. சோம்பல்பட்டு அதை விட்டுவிட்டு எழுதுகிற கடிதக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நீங்கள் எழுதும் கடிதத்தில் இப்படிப்பட்ட இடத்தில் தயங்காமல் "தட்" போடுங்கள்.

சில இடங்களில் அதை விடவே முடியாது. உள்வாக்கியமே முதலில் வந்தால் "தட்" கட்டாயம் வேண்டும். "தட் ஹி இஸ் சிக் இஸ் ட்ரூ" என்பது சரி. தலையில் உள்ள "தட்" போனால் வாக்கியம் கவிழ்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, "தட்" இருக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. "யார் வந்தார் என்று நினைக்கிறாய்?" என்பதை ஆங்கிலத்தில் "ஹூ டு யூ திங்க் கேம்?" என்று கேட்க வேண்டும். "ஹூ டு யூ திங்க் தட் கேம்?" என்றால் ஆங்கிலம் பேசுவோரில் மிகப் பலருக்குக் காதில் இடிக்கிறது. ஆனால் "அவர் யாரைப் பார்த்தார் என்று நினைக்கிறாய்?" என்று கேட்கும்போது "தட்" இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உள்ளே இருக்கும் எழுவாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் இந்தத் தடை. அமெரிக்க அறிஞர்கள் நோம் சோம்ஸ்கியும் ஹோவர்ட் லாஸ்னிக்கும் 1977-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு விதி சொல்ல முயன்றார்கள். அதற்குப் பிறகும் பலர் பல விளக்கங்கள் தந்துவிட்டார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம். "தட்" போடாமல் எழுதிவிட்டால் போதும்.

இந்தச் சொல் பிறந்த கதையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். "அது" என்று சுட்டிக் காட்டுகிற "தட்" என்னும் சொல்லிலிருந்துதான் இந்த இணைப்புச் சொல் வந்தது. சுட்டும்போது அழுத்தி உச்சரிப்பார்கள். இணைக்கும்போது நாக்கு பட்டும் படாமலும் போய்விடும். நம்முடைய "என்று" அப்படி அல்ல. சொல்லுதல் என்று பொருள்படும் "என்" என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலம் சுட்டிக்காட்டி இணைக்கிறது. தமிழ் சொல்லி இணைக்கிறது.

விடைபெறுவதற்கு முன்னால் ஒரு பயிற்சி. "தி கிளார்க் ஃபவுண்ட் தி லெட்டர் வாஸ் மிஸ்ஸிங்." கிளார்க் என்றால் நம் கிராணியார். "ஃபவுண்ட்" என்றால் கண்டார். "மிஸ்ஸிங்" என்றால் காணோம். கடிதம் கிராணியாரின் கைக்குக் கிடைத்ததா, இல்லையா? வினைமுற்றுகளை எண்ணிப் பார்த்து, வீட்டில் எல்லாருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.